வடிவுக்கரசி சுட்ட வில்லை

நிலாவுக்குக் குடிபோகும் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு வீடியோ கேம்தான் கொண்டுபோகலாம் என்ற விதியைக் கேட்டபோது வடிவுக்கரசிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வருடத்துக்கு எத்தனை துணி, யார் பையில் யார் சாமான் என்றெல்லாம் சண்டை வரலாம். போயும் போயும் விளையாட்டுக்கா வீட்டில் சண்டை வரப்போகிறது என்று நினைத்தாள்.

வந்தது. ஒன்பது நாள் நடந்தது.

விதியை அறிவித்தது குலசேகரன்பட்டினம் ஏவுதள வளாகத்தில். நிலாவின் வெண்கரை குடியிருப்புக்குப் போகும் முதல் நாற்பது குடும்பங்களையும் உட்கார வைத்து, ஓர் அதிகாரி உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு வில்லையைத் தூக்கிக் காட்டினார்.

"அங்க கதிர்வீச்சு ஜாஸ்தி. நம்ம போன்ல, கம்ப்யூட்டர்ல இருக்கிற சாதாரண மெமரி எல்லாம் பத்தே நாள்ல பூச்சி அரிச்ச புத்தகம் மாதிரி ஆயிடும். இந்த வில்லை ஒண்ணுதான் தாங்கும். கவசத்தோட சேர்த்து ஒன்றரைக் கிலோ. அதனால வீட்டுக்கு ஒண்ணு, ஒரு வில்லையில ஒரு விளையாட்டு. ஒரு தடவை விளையாட்டை இதுல சுட்டு ஏத்தியாச்சுன்னா அழிக்க முடியாது, நகல் எடுக்கவும் முடியாது."

"இங்கருந்து அனுப்பி வைக்க முடியாதா சார்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"வர்ற அலைவரிசை ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமே பத்தாதுங்க. உங்க விளையாட்டுக்கு யார் குடுப்பாங்க?"

வடிவுக்கரசியின் வீட்டில் நான்கு பேர். அவள் தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வால்வு பொறியாளர். வெண்கரையில் தண்ணீர்க் குழாய்கள் அவள் பொறுப்பு. கணவன் செல்லத்துரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அவனுடைய அக்கா தங்கபுஷ்பம் சமையல்காரி, அங்கே பொதுச் சமையலறைக்குத் தேர்வானவள். மகள் பவளக்கொடிக்குப் பதினைந்து வயது.

செல்லத்துரைக்கு 'கொண்டை ஊசி'தான் உயிர். பன்னிரண்டு சக்கர லாரியை மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஏற்றும் விளையாட்டு அது. விளையாடும்போது ஹாரன் சத்தத்தை வாயாலேயே போடுவான். தங்கபுஷ்பம் எறும்பைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிறவள். அவளுக்குப் பிடித்தது 'தலையறு காண்டம்'. அரக்கர்களின் கழுத்தை விதவிதமான கத்திகளால் சீவுவது. கையில் கத்தியை எடுத்தால் அவள் முகத்தில் ஓர் அமைதி வரும். பவளக்கொடியோ ஒரு மரம் வளர்த்தாள். 'ஒற்றை மரம்' என்று பெயர். தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிஜமாகவே நான்கு மாதம் கழித்து ஓர் இலை விடும்.

"மூணு வருசத்துல ஒம்போது எல. அதப் பாக்கதுக்கா நாம நெலாவுக்குப் போறோம்?" என்றான் செல்லத்துரை.

"உங்க லாரியும் மூணு வருசமா அதே மலையத்தானப்பா ஏறுது," என்றாள் பவளக்கொடி.

"சின்னப்புள்ள முன்னால தலைய வெட்டப்பிடாதுன்னு சொல்லுதிய," என்றாள் தங்கபுஷ்பம். "அரக்கனோட தலதான? அவன் என்ன நமக்குச் சொந்தமா?"

வடிவுக்கரசி நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொன்னாள். குறுக்கே பேசியவர்களை அதட்டினாள். ஆறாம் நாள் செல்லத்துரை அவள் பக்கம் திரும்பி, "ஏ வடிவு, உனக்குன்னு எதும் பிடிக்குமாட்டி? சொல்லேன்," என்று கேட்டான்.

"எனக்கென்ன, நான் என்னைக்கு இதெல்லாம் தொட்டேன்? நீங்க மூணு பேரும் ஒண்ணு சொல்லுங்க," என்றாள்.

அது பச்சைப் பொய்.

ஆறு வருடமாக ஆலை பஸ்ஸின் கடைசி இருக்கையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் அவள் 'பந்தி' விளையாடினாள். கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறும் விளையாட்டு. ஐம்பது இலை. ஒருவருக்கு மறுசோறு, ஒருவருக்கு ரசம், ஒருவருக்குப் பாயாசம் முதலிலேயே வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு கிழவர் ஜாங்கிரியை எடுத்து இடுப்பில் சொருகுவார். அதைப் பார்க்காத மாதிரி இன்னொன்று வைத்தால் அவர் ஆசீர்வாதம் செய்வார், ஐந்து நொடி கூடுதலாகக் கிடைக்கும். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சாம்பார் வருவதற்குள் அப்பளம் போகாவிட்டால் அவர் எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். வடிவுக்கரசி நூற்றுப் பன்னிரண்டாம் முகூர்த்தத்தில் இருந்தாள். பந்தி ஒன்று கலையாமல் முடிந்தால் பஸ் ஜன்னலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? 'வேலையத்தவங்க பாக்கிற வேல' என்று செல்லத்துரையின் லாரியைப் பற்றி ஒருமுறை அவள்தான் சொன்னாள். சொன்ன வாய் காய்வதற்குள் அடுத்த வாரமே ஆலைத் தோழி ஒருத்தி அவளுக்குப் பந்தியை அறிமுகப்படுத்திவிட்டாள். பிறகு சொல்வதற்கு நேரம் வாய்க்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. 'வண்ணக்கட்டம்.' ஒரே நிறக் கட்டங்களைச் சேர்த்தால் அவை மறையும், அவ்வளவுதான். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பிடித்தது என்றும் சொல்ல முடியாது. மூன்று பேரும் கஷாயம் குடித்த முகத்தோடு சரி என்றார்கள்.

மறுநாள் வில்லையைச் சுட்டு வாங்க அவள் மட்டும் போனாள். கவுண்டரில் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்த ஒருவர். சட்டையில் இசக்கிமுத்து என்று பெயர்.

"எந்த விளையாட்டும்மா?"

"பந்தி," என்றது அவள் வாய்.

அவள் திடுக்கிட்டு யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"அந்தச் சாப்பாடு பரிமாறுறதா?"

"ஆமா."

"சுட்டுட்டா மாத்த முடியாது. வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாவளா? இங்க ஒரு கையெழுத்து வேணும்."

திருத்திக்கொள்ள அவளுக்கு மூன்று சந்தர்ப்பம் கிடைத்தது. மூன்றையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கி, வேலியோரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பயணம் நான்கு நாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். முதல் முறை செல்லத்துரை பையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது முறை பவளக்கொடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அம்மா, நாங்கல்லாம் விட்டுக்குடுத்தது நல்லதுக்குத்தான். போய் இறங்குறப்ப யாரும் யார் மேலயும் கோவமா இல்லல்ல," என்றாள். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

வெண்கரையில் முதல் ஓய்வுநாளன்று நாற்பது குடும்பங்களும் பொதுக்கூடத்தில் கூடின. வில்லைகளை ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு இரவல் கொடுப்பது என்று திட்டம். நிர்வாகி மெய்யம்மை காரைக்குடிக்காரர். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். பட்டியலும் பேனாவுமாக நின்றார்.

முதலில் திருவாரூர்க் குடும்பம் ஒன்று. வண்ணக்கட்டம்.

இரண்டாவது குடும்பம். வண்ணக்கட்டம்.

நான்காவது வந்தபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்தாவதில் கூடம் முழுக்கச் சிரித்தது. இருபதாவது குடும்பத்துக்காரர் வில்லையைப் போடாமலேயே கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தார். முப்பதாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்தொன்பதாவது வில்லையும் அதே நிறக் கட்டங்களைக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருடம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எல்லா வீட்டிலும் ஒன்பது நாள் நடந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் எல்லோரும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"நம்மளதையும் போட்டு நாப்பதாக்கிருவோம்," என்று செல்லத்துரை எழுந்தான். வடிவுக்கரசி அவன் சட்டையைப் பிடிப்பதற்குள் வில்லை உள்ளே போய்விட்டது.

நாதஸ்வரம் கிளம்பியது. திரையில் பச்சைப்பசேலென்று ஒரு தலைவாழை இலை விரிந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்தது. பொலபொலவென்று சோறு விழுந்தது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். வந்து இறங்கியதிலிருந்து அவர்கள் கண்ணெதிரில் எதுவும் இப்படி விழவில்லை. நிலாவின் குறைந்த ஈர்ப்பில் கை தவறிய ஸ்பூன்கூட யோசித்து யோசித்துத்தான் கீழே போனது. திரையிலோ சாம்பார் சரேலென்று ஊற்றியது, சோற்றில் குழி விழுந்து நாலாபுறமும் ஓடியது.

"யோவ், இந்த எலைக்குச் சாம்பார் வரலய்யா," என்றது திரையிலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். திருவாரூர்க்காரர் விளையாட்டுக் கைப்பிடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். இன்னும் மூன்று பேர் பாய்ந்தார்கள். முதல் பந்தி நாற்பது நொடியில் கலைந்தது. தாய்மாமன் எழுந்து போனதைப் பார்த்துக் கூடமே உருண்டு சிரித்தது.

"ஏ வடிவு, பாத்தியா? அந்தக் கவுண்டர்க்காரன் மாத்திச் சுட்டுட்டான்," என்றான் செல்லத்துரை. அவனுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. "நல்லதுக்குத்தான் தப்புப் பண்ணிருக்கான்."

மெய்யம்மை மட்டும் சிரிக்கவில்லை. பட்டியலோடு பக்கத்தில் வந்தார். "மாத்திச் சுட்டாங்களா? அப்ப இதை நான் எழுதியாகணும். ஆஸ்பத்திரி வில்லைகளும் அதே கவுண்டர்லதான் சுட்டது. மருந்தளவு எல்லாம் அதுல இருக்கு. எல்லாத்தையும் நிறுத்திவச்சுச் சோதிக்கணும். சுட்டவர் பேர் என்ன?"

"இசக்கிமுத்து," என்றான் செல்லத்துரை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். வில்லை வாங்கி வந்த அன்று வீட்டில் சிரித்துச் சிரித்து அந்தப் பெயரைச் சொன்னவளே வடிவுக்கரசிதான்.

மெய்யம்மை எழுதத் தொடங்கினார். வடிவுக்கரசிக்கு நெற்றிமேல் கண்ணாடி ஏற்றிய அந்த முகம் நினைவுக்கு வந்தது.

"எழுதாதீங்கம்மா," என்றாள். குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கைப்பிடி வைத்திருந்தவர்களும் திரும்பினார்கள். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன். எங்க வீட்லயும் வண்ணக்கட்டம்னுதான் முடிவாச்சு. நான் மாத்திட்டேன்."

யாரோ கைதட்டினார்கள். ஒரு பெண், "நானும் கவுண்டர் வரைக்கும் போயி நெனச்சேங்க, தைரியம் வரல," என்றாள். சிரிப்பு மறுபடி எழுந்தது. அந்தச் சிரிப்பில் சேராதவர்கள் மூன்று பேர். செல்லத்துரையின் வாய் திறந்தபடி இருந்தது. தங்கபுஷ்பம் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பவளக்கொடி எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரத்துக்குள் வெண்கரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்தார்கள். டாக்டரை எல்லோரும் 'ரசம்' என்று கூப்பிட்டார்கள். அவர் ரசவாளி தூக்கினால் ஓர் இலைகூடத் தப்பாது. காற்றுச் சுத்திகரிப்புக்காரர்கள் வேலைநேரத்தில் ஒருவருக்கொருவர், "மூணாம் வரிசைக்கு அப்பளம்," என்று சொல்லிக்கொண்டார்கள். பொதுச் சமையலறையில் மட்டும் முணுமுணுப்பு.

"நான் பொட்டலத்தப் பிரிச்சு வச்சா வாயில வைக்க மாட்டேங்கிய. அதுல வர்ற அப்பளத்துக்கு நாக்கத் தொங்கப் போடுதிய," என்று தங்கபுஷ்பம் தட்டுகளை மோதினாள். ஆனால் தம்பி மனைவியிடம் கோபம் வைக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாளே, "ஏட்டி, நான் உன்னையச் சாமியாரிணின்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்று இடுப்பில் இடித்தாள். செல்லத்துரையும், "நல்லதாத்தான போச்சு, விடு," என்றுவிட்டான்.

பவளக்கொடி பதினொரு நாள் பேசவில்லை. வடிவுக்கரசியும் அந்தப் பதினொரு நாளும் கைப்பிடியைத் தொடவில்லை. ஊரே அவளைக் கூப்பிட்டது. வேலை இருக்கிறது என்று குழாய்த் தாழ்வாரத்துக்குப் போய்விடுவாள்.

பன்னிரண்டாம் நாள் அங்கே வால்வு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தபோது, பின்னால் பவளக்கொடியின் குரல் கேட்டது.

"அந்தத் தாய்மாமனுக்கு ரெண்டு அப்பளம் வச்சா என்ன ஆகும்?"

வடிவுக்கரசி ஸ்பானரைக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு வச்சா பக்கத்து எலக்காரர் கோவிப்பாரு. ஒண்ண ஒடச்சு ரெண்டா வைக்கணும்."

"எத்தன வருசமா விளையாடுத?"

"ஆறு."

பவளக்கொடி குழாய்மேல் உட்கார்ந்தாள். "என் மரம் மொத எல விட்டப்ப நான் உன்னத்தாம்மா ஓடி வந்து கூப்பிட்டேன். நீயும் வந்து பாத்த. அப்பவும் நீ இத ஆடிக்கிட்டிருந்திருக்க. ஒரு நாள்கூட எனக்குக் காட்டல."

"நான் மாத்துனது தப்புதான், பவளம்."

"மாத்துனத விடு. ஒம்போது நாளு நடுவுல நீதிபதி மாதிரி உக்காந்திருந்தியே, அதச் சொல்லுதேன். அப்பா கேட்டாங்க. ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். நாலு பேரு சேந்து ஆடுற கேம் நம்ம வீட்ல அது ஒண்ணுதான்."

வடிவுக்கரசிக்கு அது ஒருபோதும் தோன்றியதே இல்லை. ஆறு வருடமும் நான்கு வாளிகளையும் அவள் ஒருத்தியேதான் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சொன்னா எல்லாரும் சிரிப்பியன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்போம்தான்," என்றாள் பவளக்கொடி. "சிரிச்சா என்ன?"

அன்று மாலை அவர்கள் வீட்டு முறை. நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். செல்லத்துரை சாம்பார் வாளியை லாரி மாதிரி வளைத்து ஓட்டினான், வாயால் ஹாரன் அடித்து. தங்கபுஷ்பம் சாப்பிட்டு முடிக்காதவர்களின் இலையையும் உருவினாள். பவளக்கொடி ஒவ்வொரு விருந்தாளியின் முன்னாலும் நின்று அவர் மென்று முடிக்கும்வரை காத்திருந்தாள். ஆலையில் இருபது வருடம் உரக்கப் பேசாத பொறியாளரான வடிவுக்கரசி, "ஏ மைனி, அந்த எலைய வைங்க, அவரு இன்னும் மோர் சாப்பிடல, ஏங்க, ஹாரன் அடிக்காம அப்பளத்தப் போடுங்க," என்று கத்தியது தாழ்வாரத்தின் கடைசிக் கதவுவரை கேட்டது. நான்கு பந்தியும் கலைந்தன. அவளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

ஒரு வருடம் போனது. மெய்யம்மை மாத அறிக்கையில், மக்கள் உற்சாகமாக இருக்கிறார்கள், 'பந்தி' முக்கியக் காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குப் பூமியிலிருந்து பதில் வந்தது. அவர் அந்தத் தாளோடு வடிவுக்கரசியின் வீட்டுக்கே வந்தார்.

"அடுத்த கப்பல்ல நாற்பது குடும்பம் வருது. நாற்பது வீடும் பந்திதான் கொண்டுவரணும்னு உத்தரவு போட்டிருக்காங்க."

செல்லத்துரை நெற்றியில் அடித்துக்கொண்டான். "நாப்பது பந்திய வச்சு என்ன செய்ய? ஊரே பந்தியில உக்காந்துட்டா யாரு பரிமாறதுக்கு?"

"அதான் உங்ககிட்ட வந்தேன். அது வேண்டாம்னா வேற விதி ஒண்ணு எழுதி அனுப்பச் சொல்றாங்க. வீட்ல கலந்து பேசிட்டு வாங்கன்னா மறுபடி வண்ணக்கட்டம் வரும். கலந்து பேசாதீங்கன்னு அரசாங்கம் எழுத முடியுமா?"

எல்லோரும் யோசித்தார்கள். பவளக்கொடிதான் சொன்னாள்.

"கலந்து பேசட்டும். பேசி முடிச்சதும், அந்த வீட்ல எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்ன ஆளு யாருன்னு கேளுங்க. அவங்க கையில வில்லையக் குடுத்துருங்க, அவங்க கேக்கறதச் சுடட்டும்."

மெய்யம்மை அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, தனக்கும் மீன் தொட்டி விளையாட்டு ஒன்று பிடிக்கும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் இறங்கிய அன்று வாசலில் நின்று பெயரும் விளையாட்டும் பதியும் பொறுப்பை வடிவுக்கரசிக்கே கொடுத்தார்கள். முதலில் வந்தது பல்லடத்துக் குடும்பம். நாச்சிமுத்து வெல்டர், கதவை அடைக்கும் உடம்பு, காது வரை மீசை, விரலெல்லாம் தீத்தழும்பு. வில்லையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பக்கத்தில் பையும் கையுமாக மனைவி செல்வநாயகி.

"என்ன விளையாட்டுங்க?" என்று வடிவுக்கரசி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "சடைங்க."

"என்னதுங்க?" என்றாள் செல்வநாயகி.

"சடை பின்னறதுங்க. எண்ணெ வெச்சு, சிக்கெடுத்து... அஞ்சு கால் பின்னலு, தாழம்பூ வெச்சு..." அவர் குரல் மீசைக்குள்ளேயே போய்விட்டது.

செல்வநாயகியின் கையிலிருந்த பை நழுவியது. அது ஆடி அசைந்து தரையைத் தொடும்வரை அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள். "இருவத்திரண்டு வருசமா என்ற சடைய நானேதானுங்களே பின்னிட்டிருக்கறேன்."